வாயு விரியத்தானே செய்யும்? அப்புறம் மேகம் எப்படி நட்சத்திரமாகும்?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது: "விண்வெளியில் மிதக்கும் வாயு மேகம் ஈர்ப்பால் சுருங்கி, சூடாகி, நட்சத்திரமாகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் வாயுவைத் திறந்து விட்டால் பரவும். தானாகச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அழுத்தினால் சூடாகும், சூடானால் முன்னைவிட பலமாக வெளியே தள்ளும். அப்படியிருக்க இந்தக் கதை என் மண்டையில் ஏறவில்லை. யாராவது மழுப்பாமல் விளக்குங்கள்."

நியாயமான கேள்வி. புத்தகக் கதையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, இவர் சரியாக அங்கேயே விரலை வைத்துவிட்டார். ஈர்ப்பு இழுக்கிறது என்பது பாதிதான். மேகம் தன் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. சூட்டை இழக்க வழியில்லாத மேகம் கொஞ்சம் சுருங்கும், சூடாகும், நிற்கும், திரும்ப விரியும். எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் அதிலிருந்து நட்சத்திரம் வராது.

முதலில் அளவுகள். நட்சத்திரங்கள் பிறக்கும் மூலக்கூற்று மேகங்களின் வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின். செல்சியஸில் சொன்னால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 250, 260 டிகிரி. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு மூலக்கூறுகள். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவ்வளவு மெல்லிய, அவ்வளவு குளிர்ந்த வாயு வெளியே தள்ளும் தள்ளல் மிகக் குறைவு. ஆனால் அப்படி ஒரு மேகத்தின் மொத்த எடை ஆயிரம், லட்சம் சூரியன்கள் என்று போகும். எவ்வளவு எடை சேர்ந்தால் ஈர்ப்பு கை ஓங்கும் என்பதற்கு ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-இல் கணக்கு போட்டார். குளிர்ச்சியும் அடர்த்தியும் கூடக் கூட அந்த எடை குறைந்துகொண்டே வரும்.

ஜனவரி 6, இரவு

ஒரு சேர்க்கை. திறந்து விட்ட வாயு பரவுவதற்குக் காரணம், அதன் சொந்த ஈர்ப்பு இருந்தும் இல்லாத மாதிரி என்பதுதான். இங்கும் அங்கும் விதி ஒன்றே. அளவு மாறும்போது ஜெயிக்கிற ஆள் மாறிவிடுகிறார்.

ஜனவரி 8

"சூட்டை வெளியேற்றுகிறது என்றீர்களே, எதன் வழியாக? அங்கே தொட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லையே?"

ஒளி வழியாக. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. மேகத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. இரண்டு பக்கமும் ஒரே அணு, முழுச் சமச்சீர். 10 கெல்வினில் இருக்கும் அந்த மூலக்கூறுக்கு ஒளி விடத் தெரியாது. அதன் மிகத் தாழ்ந்த பாய்ச்சலுக்கே சுமார் 500 கெல்வின் அளவு ஆற்றல் வேண்டும். அதனால் வேலையைச் செய்வது அதற்கு நடுவே ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நடப்பது இதுதான். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வந்து கார்பன் மோனாக்சைடில் மோதுகிறது. மோதிய வேகத்தில் கொஞ்சம் அதற்குப் போய்விட, அது சுழல ஆரம்பிக்கிறது. சில மாதம், ஒரு ஆண்டு என்று சுழன்றுவிட்டு, 2.6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, விட்டுவிட்டு அடங்குகிறது. அந்த ஃபோட்டான் மேகத்தைத் தாண்டிப் போய்விட்டால், மோதலில் இருந்த ஆற்றலில் அவ்வளவும் கணக்கிலிருந்து கழிந்தது. மேகம் அந்த அளவு குளிர்ந்தது. அதே 2.6 மில்லிமீட்டர் அலையை ஓரியன் பக்கத்திலிருந்து 1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் பிடித்தார்கள். மூலக்கூற்று மேகங்களின் வரைபடம் அதற்குப் பிறகுதான் வரைய முடிந்தது. ஆக, நாம் வானில் படம் பிடிப்பதே மேகம் கழற்றி எறியும் சூட்டைத்தான்.

ஜனவரி 9

இதை நான் நம்பியது படித்து அல்ல, நிரல் எழுதிப் பார்த்துத்தான். எளிய சிமுலேஷன்: கோளவடிவ மேகம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகள், ஒவ்வொரு அடுக்குக்கும் ஈர்ப்பு, அழுத்தம். சூடு வெளியேற வழி வைக்காமல் முதலில் ஓட்டினேன். மேகம் உள்ளே விழுந்தது, நடுப்பகுதி சூடானது, மேலடுக்குகள் முட்டித் திரும்பின, மேலும் கீழுமாக ஆடி ஆடி ஒரு அளவில் அமைதியாக உட்கார்ந்துவிட்டது. விட்டால் அப்படியே இருந்திருக்கும்.

அப்புறம் ஒரே ஒரு வரி மாற்றம். எவ்வளவு அழுத்தினாலும் வெப்பநிலை 10 கெல்வினிலேயே நிற்கட்டும், மிச்சம் வெளியே போகட்டும் என்று வைத்தேன். இந்த முறை திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை. நடுவில் அடர்த்தி ஏறிய வேகத்துக்கு ஈடுகொடுக்க நிரல் தன் நேரப் படியைப் பாதியாக்கியது, அதைப் பாதியாக்கியது, கடைசியில் கடிகாரம் நகராமலே எண்களைக் கக்கிக்கொண்டு நின்றது. சாதாரணமாக அப்படி நின்றால் எரிச்சல் வரும். அன்று வரவில்லை.

ஜனவரி 11

கேள்வி கேட்டவர் விடவில்லை: "சிதறிக் கிடந்தது ஒரே இடத்தில் ஒழுங்காகத் திரள்கிறது என்றால் என்ட்ரோபி, அதாவது சிதறலின் அளவு, குறைகிறதே. மொத்த என்ட்ரோபி குறையாது என்ற இரண்டாம் விதி என்ன ஆயிற்று?"

மேகத்தை மட்டும் பார்த்தால் குறையத்தான் செய்கிறது. வெளியே போன ஃபோட்டான்களையும் சேர்த்து எண்ணுங்கள். அவை எல்லாத் திசையிலும் சிதறி, மேகம் இழந்ததைவிட அதிக என்ட்ரோபியைக் கொண்டுபோகின்றன. விதிக்கு ஒரு கீறலும் இல்லை. ஃபோட்டான் வெளியேற முடியாத இடத்தில் திரட்சி நின்றுபோவதும் இதே விதியால்தான்.

ஜனவரி 12

"அப்போ நட்சத்திரம் என்பது பிரபஞ்சத்தின் கழிவு மேலாண்மையா?" என்று ஒருவர். சிரித்துவிட்டேன். தலைப்பை அப்படியே வைத்திருக்கலாம்.

ஜனவரி 14

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது, முதல் கேள்வியைவிட இது கடினம்: "இவ்வளவு சுலபமாகக் குளிருமென்றால், ஏன் எல்லா மேகமும் எப்போதோ நட்சத்திரமாகி முடிந்துவிடவில்லை?"

கணக்கைப் போட்டே பார்ப்போம். பால்வீதியில் மூலக்கூற்று வாயு சுமார் 100 கோடி சூரியன் எடைக்கு இருக்கிறது. கன சென்டிமீட்டருக்கு நூறு மூலக்கூறு உள்ள மேகம் தடையில்லாமல் விழுந்தால் முப்பது, நாற்பது லட்சம் ஆண்டில் முழுக்கச் சரிந்துவிடும். வகுத்தால் ஆண்டுக்கு 300 சூரியன் எடையாவது நட்சத்திரமாக வேண்டும். நிஜத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைதான் ஆகிறது. நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. ஜுக்கர்மனும் எவன்ஸும் 1974-இல் எழுப்பிய பிரச்சினை இது. இன்றும் கருத்தரங்குகளில் சண்டை ஓயவில்லை.

தடுப்பது யார்? மேகத்துக்குள் வாயு ஒலியைவிட வேகமாகக் கொந்தளிக்கிறது. ஒரு பக்கம் நெருக்கினால் மறுபக்கம் கலைக்கிறது. காந்தப்புலம் ஊடுருவியிருப்பதால் வாயு எல்லாத் திசையிலும் சுலபமாக நகர முடியாது. இதையெல்லாம் மீறிப் பெரிய நட்சத்திரம் ஒன்று பிறந்துவிட்டால் அதுவே மிச்ச மேகத்தைப் புற ஊதாக் கதிராலும் காற்றாலும் கிழித்துப் போடுகிறது. என் கணிப்பில் மூன்றில் கடைசிதான் பெரிய கை. காந்தப்புலக் கட்சிக்காரர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

ஜனவரி 15

"பெரிய நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்து அதிர்ச்சி அலை வந்து அழுத்தினால்தான் மேகம் சரியும் என்று படித்தேனே?" என்கிறார் இன்னொருவர்.

எனக்கும் ரொம்ப நாள் பிடித்த கதை அது. நாடகத்தன்மை இருக்கிறது. ஆதாரமும் உண்டு. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லின் வெள்ளைத் துணுக்குகளில், அலுமினியம்-26 சிதைந்ததால் உண்டான மக்னீசியம் கூடுதலாக இருந்தது. அலுமினியம்-26-இன் அரை ஆயுள் ஏழு லட்சம் ஆண்டுதான். அப்படியானால் சூரியன் பிறப்பதற்குச் சற்று முன்புதான் அது எங்கேயோ சமைக்கப்பட்டு நம் மேகத்தில் கலந்திருக்க வேண்டும்.

ஆனால் யோசிக்க யோசிக்க, கலந்தது என்பதும் தள்ளிவிட்டது என்பதும் வேறு வேறு என்று படுகிறது. பெரும் நட்சத்திரங்களின் காற்றே அலுமினியம்-26-ஐக் கொண்டுவந்து கொட்ட முடியும். சூப்பர்நோவா தள்ளினால் சில மேகம் சரியும், சில மேகம் சிதறும். தள்ள ஆளில்லாமல் தானாகச் சரிவதற்கும் தடையில்லை. பர்னார்ட் 68 என்ற கருப்பு மேகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அரை ஒளியாண்டு அகலம், சூரியனைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடை, பின்னால் உள்ள நட்சத்திரங்களை மொத்தமாக மறைத்துக்கொண்டு, விழலாமா நிற்கலாமா என்ற விளிம்பில் சும்மா இருக்கிறது.

ஜனவரி 18

வானம் தெளிவாக இருந்ததால் கொஞ்சம் திசை மாறுகிறேன். சின்னத் தொலைநோக்கியை ஓரியனின் வாள் பக்கம் திருப்பினேன். ஓரியன் நெபுலா, 1,300 ஒளியாண்டுக்குச் சற்று அதிக தூரம். முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள்: எங்கே அந்த ரோஜா நிறம்? கண்ணுக்குத் தெரிவது சாம்பல் படலம், உற்றுப் பார்த்தால் மிக லேசான பச்சைச் சாயல். நேராக முறைக்காமல் சற்று ஓரமாகப் பார்வையை வைத்தால் படலம் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிகிறது. நடுவில் நெருக்கமாக நான்கு புள்ளிகள். டிரபீசியம். நான்கில் பிரகாசமானது, சுமார் 40,000 கெல்வின் சூடுள்ளது, கிட்டத்தட்ட தனி ஆளாக அந்த நெபுலா முழுவதையும் ஏற்றி வைத்திருக்கிறது.

நிறம் தெரியாததற்கு நெபுலா காரணமில்லை. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் காணும் செல்கள் வேலை செய்வதில்லை.

ஜனவரி 19

அந்தப் பச்சைக்கு ஒரு கதை இருக்கிறது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தார். சூரியன் மாதிரித் தொடர்ச்சியான பட்டை வரவில்லை, தனித்தனிப் பளிச் கோடுகள் வந்தன. அப்படியானால் இது தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டமல்ல, வாயு. அதில் பச்சைக் கோடுகள் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமமே இருக்கிறது என்று பலர் நம்பினார்கள். 1927-இல் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார்: இரண்டு எலக்ட்ரான் இழந்த சாதாரண ஆக்சிஜன். பூமியில் அந்த அணு ஒளி விடுவதற்குள் யாராவது வந்து இடித்துவிடுவார்கள். அங்கே இடிக்க ஆளில்லாததால் நிதானமாக விடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பச்சை ஒளிதான் அந்த வாயுவின் முக்கியமான குளிர்விப்பான். அதைச் சுட வைக்கும் நட்சத்திரம் 40,000 கெல்வின் என்றாலும் வாயு பத்தாயிரம் கெல்வின் அருகிலேயே நிற்பதற்கு இந்த ஆக்சிஜன் பெரிய காரணம். நேற்று என் கண்ணில் விழுந்தது, மேகம் சூட்டை வெளியே விடும் அதே செயல்தான், வேறு அலைநீளத்தில்.

ஜனவரி 23

பாதியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். சரிவு எப்போது நிற்கும்?

அடர்த்தி ஏறியதும் கார்பன் மோனாக்சைடின் ஒளி மேகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கார்பன் மோனாக்சைடே தூசுத் துகள்களில் உறைந்தும் போகிறது. அதற்குப் பிறகு தூசுதான் அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை வெளியே அனுப்புகிறது. இன்னும் நெருக்கமானால் தூசின் ஒளியும் வெளியே வர முடியாது. அந்தக் கட்டத்தில் மையம் முதல்முறையாக நிஜமாகவே சூடாகிறது. என் நிரல் முதல் ஓட்டத்தில் காட்டியது போல அழுத்தம் எதிர்த்து நின்று, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் சில மடங்கு அளவில் ஒரு உருண்டை உட்காருகிறது. ரிச்சர்ட் லார்சன் 1969-இல் கணித்தது இது. அந்த உருண்டை 2,000 கெல்வினைத் தொட்டதும் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் உடைய ஆரம்பிக்கின்றன. உடைக்க ஆற்றல் செலவாகிறது, அழுத்தம் கைவிடுகிறது, இரண்டாவது சரிவு. இதன் முடிவில்தான் நட்சத்திரக் குழந்தை.

இங்கேதான் புத்தகக் கதையின் இரண்டாவது ஓட்டை. "சூடாகி, அணுக்கரு இணைவு தொடங்கி, ஒளிர ஆரம்பித்தது" என்பார்கள். இணைவு தொடங்கும் முன்பே அது நன்றாக ஒளிர்கிறது. சுருங்கும்போது விடுபடும் ஈர்ப்பு ஆற்றலில் பாதி ஒளியாகப் போகிறது, மீதி உள்ளே சூடாகத் தங்குகிறது. விசித்திரம் என்னவென்றால், இந்த உருண்டை ஆற்றலை இழக்க இழக்கச் சூடாகிறது. இழந்தால் சுருங்கும், சுருங்கினால் சூடேறும், சூடேறினாலும் இழப்பு தொடரும். கெல்வின் பிரபு சூரியனே இப்படித்தான் எரிகிறது என்று நினைத்து, இரண்டு மூன்று கோடி ஆண்டுக்குத்தான் தாங்கும் என்றார். புவியியலாளர்களுக்கும் அவருக்கும் பெரிய தகராறு. கணக்கு சரி, ஆனால் அவருக்குத் தெரியாத ஒரு எரிபொருள் இருந்தது.

மையம் ஒரு கோடி கெல்வினை எட்டும்போது ஹைட்ரஜன் இணைவு நிதானமாகச் சூடுபிடித்து, வெளியே போகும் ஆற்றலை ஈடுகட்டுகிறது. சுருக்கம் நிற்கிறது. ஆக, சூரியனை ஒளிர வைத்தது இணைவு என்பதைவிட, சூரியன் சுருங்கித் தீர்ந்துபோவதை ஆயிரம் கோடி ஆண்டு தள்ளிப்போட்டது இணைவு என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. எடை சூரியனில் எட்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தள்ளிவைப்பு நிரந்தரமாகக் கிடைக்காது. அவை பழுப்புக் குள்ளன்கள். ஷிவ் குமார் 1960-களின் தொடக்கத்தில் இந்த எல்லையைக் கணக்கிட்டார்.

ஜனவரி 24

"ஒரு கோடி டிகிரி, ஹைட்ரஜன் குண்டு மாதிரி வெடிக்காதா?" வெடிக்காது. சூரியனின் மையத்தில்கூட ஒரு கன மீட்டருக்கு 300 வாட்டுக்கும் குறைவான சூடுதான் உண்டாகிறது. அதே அளவு இடத்தில் மனித உடல்களை அடுக்கினால் அதைவிடப் பல மடங்கு சூடு வரும். சூரியனின் பெருமை வீரியத்தில் இல்லை, பருமனில்.

ஜனவரி 29

கோள்கள் எங்கே என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

சூடு ஒரு தொல்லை என்றால் சுழற்சி இன்னொன்று. மேகத்தின் கரு ஒரு சுற்றுச் சுற்றச் சில பத்து லட்சம் ஆண்டுகள் எடுக்கும், அவ்வளவு மந்தம். ஆனால் அது நட்சத்திர அளவுக்கு வரும்போது விட்டம் பல லட்சம் மடங்கு குறைகிறது. சுழலும் வீதம் அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. அப்படியே ஏறினால் நட்சத்திரம் பிய்ந்துபோகும். ஆகையால் கோண உந்தத்தையும், அதாவது சுழற்சியின் இருப்பையும், யாரிடமாவது தள்ளிவிட்டே ஆக வேண்டும். தள்ளிவிடும் இடம்தான் தட்டு. உள்ளே வர முடியாத பொருள் நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டாகப் படிகிறது. தட்டில் கோண உந்தம் வெளிப்பக்கமாக நகர, பொருள் உட்பக்கமாக நகர்ந்து நட்சத்திரத்தில் விழுகிறது. துருவங்களின் வழியாக நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பீறிடும் தாரைகளும் ஒரு பங்கை எடுத்துப் போகின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-இல் எடுத்த, எச்.எச். 211 என்ற தாரையின் படத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் அதிர்ச்சி அலைகள் வளைவு வளைவாக அடுக்கியிருக்கும்.

கான்ட் 1755-இலும் லாப்லாஸ் 1796-இலும் சுழலும் மேகத் தட்டைச் சொல்லிவிட்டார்கள். பிறகு அந்தக் கருத்தைப் பலர் தூக்கி எறிந்ததற்கு ஒரே ஒரு கணக்குதான் காரணம். சூரியக் குடும்பத்தின் எடையில் 99.86 சதவீதம் சூரியனிடம் இருக்கிறது, கோண உந்தத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. வியாழன் ஒன்றே பாதிக்கு மேல் வைத்திருக்கிறது. தட்டுக்குத் தள்ளியதும், அதற்குப் பிறகு சூரியக் காற்று காந்தப்புலத்தின் பிடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிரேக் போட்டதும் புரிந்த பிறகே கான்ட்டுக்கும் லாப்லாஸுக்கும் மரியாதை திரும்பியது.

பிப்ரவரி 2

தட்டில் தூசு ஒட்டி ஒட்டிக் கல்லாகி, கல் மலையாகி, மலை கோளாகிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இந்த வரியில் 'கல்' என்ற இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது.

தட்டிலுள்ள வாயுவை அதன் அழுத்தம் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் அது கல்லைவிட மெதுவாகச் சுற்றுகிறது. கல்லுக்கு அது எதிர்காற்று, நொடிக்குச் சுமார் 50 மீட்டர். தூசு காற்றோடு போய்விடும், மலை அசையாது. நடுவில் மாட்டுவது ஒரு மீட்டர் அளவுக் கல். பூமி இருக்கும் தூரத்தில் அது நூறு ஆண்டு அளவில் சுருண்டு சூரியனில் விழுந்துவிடும் என்று 1977-இல் வைடன்ஷில்லிங் காட்டினார். நூறு ஆண்டு! கோள் உருவாகப் பல லட்சம் ஆண்டு வேண்டும். இன்னொரு தொல்லை, அந்த அளவில் கற்கள் மோதினால் ஒட்டுவதைவிட உடைவதே அதிகம்.

இப்போது அதிகம் பேசப்படும் வழி, 2005-இல் யூடினும் குட்மனும் சொன்னது. கூழாங்கற்கள் கூட்டமாகப் போனால் சுற்றியுள்ள வாயுவையும் தம்மோடு இழுத்துக்கொள்ளும், எதிர்காற்று குறையும், பின்னால் வருபவை அங்கேயே சேரும், கூட்டம் பெருகும். ஒரு அளவைத் தாண்டியதும் கூட்டம் தன் ஈர்ப்பாலேயே சரிந்து, நடுவிலுள்ள அளவுகளைத் தொடாமல் நேரே பத்து, நூறு கிலோமீட்டர் பொருளாகிவிடும். நியூ ஹரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று கடந்த அர்ரோகோத் என்ற சிறு பொருள் இதற்குச் சாட்சி மாதிரி இருக்கிறது. இரண்டு தட்டை உருண்டைகள், தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நசுங்கலோ விரிசலோ இல்லை. மோதியதாகவே தெரியவில்லை, பக்கத்தில் வந்து சாய்ந்ததாகத்தான் தெரிகிறது.

பிப்ரவரி 3

தட்டுகளின் படம் கேட்டவருக்கு: ஆல்மா ரேடியோ தொலைநோக்கி 2014-இல் எடுத்த எச்.எல். டௌரி. பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாத நட்சத்திரம், அதற்குள் தட்டில் வட்ட வட்டமாக இருண்ட பள்ளங்கள். பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு கோள் என்று அப்போது எல்லோரும் குதித்தோம். இப்போது நான் அவ்வளவு குதிக்க மாட்டேன். கோள் இல்லாமலும் வளையம் உண்டாக வழிகள் இருக்கின்றன. பி.டி.எஸ். 70 என்ற இன்னொரு இளம் நட்சத்திரத்தின் விஷயம் வேறு: அங்கே இடைவெளிக்குள் இரண்டு கோள்களே படத்தில் சிக்கிவிட்டன, ஒன்று 2018-இல், இன்னொன்று 2019-இல்.

பிப்ரவரி 4

"சூரியக் குடும்பத்தில் மூத்தது எது?"

அயெண்டே கல்லின் வெள்ளைத் துணுக்குகள், 456.7 கோடி ஆண்டு. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாக வருவதால் மறக்காது. கோள்களில் மூத்தவர் வியாழனாகத்தான் இருக்க வேண்டும். தட்டின் வாயு சில பத்து லட்சம் ஆண்டில் கலைந்துவிடும், அதற்குள் வயிறு நிறைய வாரிக்கொள்ளாவிட்டால் வாயுக் கோளாக முடியாது. பூமிக்கு அந்த அவசரம் இல்லை. பல கோடி ஆண்டு நிதானமாக மோதி மோதிச் சேர்ந்தது.

பிப்ரவரி 10

முடிவுகள் பற்றி. ஓரியனின் சிவப்பு நட்சத்திரமான திருவாதிரையை வைத்துத் தொடங்குகிறேன், கேட்டவர் அதைத்தான் கேட்டார்.

திருவாதிரையின் வயது ஒரு கோடி ஆண்டு அளவுதான், சூரியனுக்கு 460 கோடி. ஆனால் கிழவி திருவாதிரை, நடுவயது சூரியன். எடை கூடினால் எரிபொருளும் கூடுகிறது, ஆனால் செலவு அதைவிடப் பல மடங்கு கூடுகிறது. சூரியனைப்போல் 25 மடங்கு எடையுள்ள நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜன் எரிய சுமார் 70 லட்சம் ஆண்டு, ஹீலியம் சில லட்சம் ஆண்டு, கார்பன் சில நூறு ஆண்டு, கடைசியில் சிலிக்கான் ஒரே ஒரு நாள். ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுகிறது? கார்பன் கட்டத்திலிருந்து சூட்டை வெளியேற்றும் வேலையை நியூட்ரினோ என்ற, எதிலும் அநேகமாக மோதாத துகள் எடுத்துக்கொள்கிறது. ஃபோட்டான் மாதிரி முட்டி மோதி வருவதில்லை, மையத்திலிருந்து நேரே வெளியே. கதவு அகலமாகத் திறந்துவிட்டதால் சுருக்கமும் அதே வேகத்தில் நடக்கிறது. 1987 பிப்ரவரி 23 அன்று பக்கத்துக் குட்டி கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்திலிருந்து வந்த சூப்பர்நோவாவின் நியூட்ரினோக்கள் 25 அளவில் பூமியில் பிடிபட்டன, வெடிப்பின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்னால். அந்த வெடிப்பின் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோவாகப் போனது. நாம் வாய் பிளந்து பார்த்த ஒளி வெறும் துளி.

சூரியன் மாதிரி எடையுள்ளவற்றுக்கு முடிவு சாந்தம். மேலடுக்குகளை உதறிவிட்டு வெள்ளைக் குள்ளன் ஆகும். அங்கே எலக்ட்ரான்களின் நெரிசலே தாங்கிப் பிடிக்கிறது, சூடு தேவையில்லை. சுருங்காமலே குளிரலாம் என்ற சலுகை கிடைத்த முதல் இடம் இது. அந்தச் சலுகைக்கும் வரம்பு உண்டு, சூரியனைப்போல் 1.4 மடங்கு. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த 19 வயது சந்திரசேகர் அந்த வரம்புக்கான கணக்கில் இறங்கினார். நோபல் கிடைத்தது 1983-இல்.

பிப்ரவரி 10, பிற்சேர்க்கை

திருவாதிரை 2019 கடைசியில் மங்கியது நினைவிருக்கும். 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. வெடிக்கப்போகிறது என்று என் பங்குக்கு நானும் மொட்டைமாடியில் காத்திருந்தேன். நடந்தது, அது வாயுவைக் கக்கி, அந்த வாயு குளிர்ந்து தூசாகி நம் பார்வையை மறைத்தது. ஏமாற்றமாகத் தெரிந்தாலும் வெடிப்பைவிட முக்கியமான காட்சி என்று இப்போது தோன்றுகிறது. ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து மூலக்கூறாவதே பெரும்பாலும் அந்த மாதிரித் தூசின் மேல்தான். அடுத்த தலைமுறை மேகத்தைக் குளிர்விக்கப்போவதும் அதே தூசு. தூசும் கார்பனும் இல்லாத ஆதி காலத்து மேகம் 200 கெல்வினுக்குக் கீழே இறங்கவே திணறியது. அதனால் முதல் நட்சத்திரங்கள் நூறு சூரியன் அளவுக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்பது கணக்கு. சூரியன் மாதிரிச் சிறியது பிறக்க, முன்னால் யாராவது செத்துத் தூசு கொடுத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

கடைசியாக வந்த கேள்வி: "எவ்வளவு சிறியது வரை இப்படி மேகத்திலிருந்து நேரடியாகப் பிறக்கலாம்?"

ஜனவரி 23-இல் சொன்ன விஷயத்திலேயே விடை இருக்கிறது. தூசின் ஒளியும் சிக்கிக்கொள்ளும் கட்டம் வந்ததும் மேகம் அதற்குமேல் துண்டாக முடியாது. அந்தக் கடைசித் துண்டின் எடை வியாழனைப்போல் சில மடங்கு. அதற்குக் கீழே உள்ளவை தட்டில் பிறந்து உதைத்து வெளியே தள்ளப்பட்டவையாக இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், 2023-இல் ஜேம்ஸ் வெப் ஓரியன் நெபுலாவில் வியாழன் அளவிலான பொருள்கள் ஜோடி ஜோடியாகச் சுமார் 40 இருப்பதாக அறிவித்தார்கள், சில வியாழனைவிட லேசானவை. தட்டிலிருந்து உதைபட்டு வந்தால் ஜோடி பிரிந்திருக்க வேண்டும். மேகத்திலிருந்து வந்தால் எடை அவ்வளவு குறையக் கூடாது. இரண்டு பக்கமும் இடிக்கிறது. 2024-இல் வந்த மறு ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை நெபுலாவுக்குப் பின்னால் வெகு தொலைவில், தூசால் சிவந்து தெரியும் சாதாரணப் பொருள்கள் என்கிறது. என் பந்தயம் அந்தப் பக்கம்தான். சூடு வெளியேறாத இடத்தில் துண்டு எப்படி விழும்? வேறு மாதிரி நினைப்பவர்கள் நிறமாலையோடு வாருங்கள், படம் மட்டும் போதாது.